கதவு எந்தப் பக்கம் திறக்கும்?

"எனக்கு டிராயிங் வராதுப்பா" என்று சொல்லாத ஒருத்தரையாவது உங்க வகுப்பில் பார்த்திருக்கீங்களா? நானும் மூன்று வருஷம் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தவள்தான். புராடக்ட் டிசைன் எலெக்டிவ் எடுத்த முதல் நாள், சார் ஆளுக்கு ஒரு வெள்ளைத்தாள் கொடுத்து "உங்க வாட்டர் பாட்டிலை வரைங்க" என்றார். நான் போனில் அதே பாட்டில் மாதிரி ஒரு படத்தைத் தேட ஆரம்பித்தேன். பாட்டில் என் முன்னாடி மேசை மேலேயே இருக்கு. அதைப் பார்த்து வரைய எனக்குத் தோணவே இல்லை.

இதில் வேடிக்கை என்னன்னா, முதல் வருஷம் இன்ஜினியரிங் கிராபிக்ஸில் எனக்கு நல்ல மார்க். டிராஃப்டரைச் சுமந்துகொண்டு பஸ்ஸில் போன அந்த நாட்கள் உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். பக்கத்தில் உட்காருகிறவர்கள் கண்ணைக் குத்தாமல் அதைப் பிடிப்பதே ஒரு தனிக் கலை. புரொஜெக்ஷன், செக்ஷன், டெவலப்மென்ட் எல்லாம் போட்டோம். சிலபஸில் ஃப்ரீ ஹேண்ட் ஸ்கெட்சிங் என்று ஒரு பகுதியும் இருந்தது. அதை நாங்கள் ஸ்கேல் வைத்து வரைந்து, அப்புறம் கோட்டைக் கொஞ்சம் ஆட்டிவிட்டு, கையால் போட்டது மாதிரி காட்டினோம். சிரிக்காதீங்க, நீங்களும் செய்திருப்பீங்க.

அப்புறம் கேட் வந்தது. மவுசைப் பிடித்ததும் எனக்கு வரையத் தெரியும் என்றே நம்பிவிட்டேன். அந்த நம்பிக்கை ரெட்டியார்பாளையத்தில் எங்க அப்பா பட்டறையில் உடைந்தது. அந்தக் கதையைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்க வீடு வில்லியனூர் மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி. வீட்டுக்கு முன்னாடி தகரக் கொட்டகை, அதுதான் பட்டறை. கேட், கிரில், ஜன்னல், எப்பவாவது தள்ளுவண்டி. அப்பா, இரண்டு அண்ணன்கள், ஒரு வெல்டிங் செட், ஒரு கட்டிங் மெஷின். போன வருஷம் ஒரு அக்கா வண்டி கேட்டு வந்தாங்க. சாயந்திரம் 5 மணிக்குக் கடை போட்டால் ராத்திரி 10 மணி வரை இட்லி, தோசை. பழைய வண்டியின் அடிப்பலகை துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிட்டது. புது வண்டிக்கு முன்பணம் கொடுக்க அந்தப் பழைய வண்டியையே ஒருத்தருக்கு வந்த விலைக்குத் தள்ளிவிட்டு வந்திருந்தாங்க. இந்த விஷயம் பின்னாடி முக்கியம், மனசில் வச்சுக்கோங்க.

"நான் டிசைன் பண்றேன்பா" என்று நானாகத்தான் முந்திக்கொண்டு சொன்னேன். அப்பாவுக்கு ஒரே பெருமை. டேப்பை எடுத்துக்கொண்டு அக்கா கடைக்குப் போனேன். அவங்க முழங்கை உயரம் தரையிலிருந்து 98 செ.மீ. பழைய வண்டியின் மேல்தளம் 91. தோசைக்கல்லையும் அடுப்பையும் அதற்கு மேல் வைத்தால் கை தோள் வரை தூக்க வேண்டியிருக்கும், அதனால்தான் ராத்திரியானால் தோள் வலி. தளத்தை 80க்கு இறக்கினேன். சிலிண்டர் வெளியே வெயிலில் நிற்காமல் உள்ளே போகணும், ஓரத்தில் கதவு வேணும், பார்சல் கட்ட மடக்குப் பலகை வேணும். இதெல்லாம் நல்ல யோசனைகள், இன்னைக்கும் சொல்வேன். அக்கா கடை போடுகிற இடத்தில், சாப்பிட வருகிறவர் நின்று பார்த்தால், இடது பக்கம் ஒரு காம்பவுண்டு சுவர். வலது பக்கம் திறந்த இடம். ஆகவே கதவும் மடக்குப் பலகையும் வலது ஓரத்தில்.

லேப்டாப்பில் மாடல் போட்டேன். சுற்றிச் சுற்றிக் காட்டினேன். அக்கா "சூப்பரா இருக்கு பாப்பா" என்றாங்க. முன் தோற்றம், அதற்கு வலது பக்கத்தில் ஓரத் தோற்றம், மேலே மேல் தோற்றம். ஒரே ஏ4 தாளில் அடங்கணும் என்று கீழே இருந்த டைட்டில் பிளாக்கை அழித்துவிட்டு பிரின்ட் எடுத்துக் கொடுத்தேன். இன்டர்னல் எக்ஸாம் வந்தது, போய்விட்டேன். அப்பாவும் அந்த வாரம் வெளியூரில் ஒரு கேட் வேலை.

நான் எடுத்த டெம்ப்ளேட் தேர்ட் ஆங்கிள். பட்டறையில் வேலை பார்க்கிற அண்ணன் ஐ.டி.ஐ. படித்தவர், அவர் படித்தது ஃபர்ஸ்ட் ஆங்கிள். நாமும் முதல் வருஷம் படித்தது அதுதான். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் எஸ்.பி. 46 சொல்வதும் அதுதான். அமெரிக்காவில் தேர்ட் ஆங்கிள். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று பரீட்சைக்கு எழுதியிருப்பீங்க: தேர்ட் ஆங்கிளில் முன் தோற்றத்துக்கு வலப்பக்கம் இருக்கிற படம் பொருளின் வலது ஓரம். ஃபர்ஸ்ட் ஆங்கிளில் அதே இடத்தில் இருக்கிற படம் இடது ஓரம். எந்த முறை என்று சொல்ல ஒரு நுனி வெட்டிய கூம்பின் சின்னம் இருக்கும், டைட்டில் பிளாக்கில். அதைத்தான் நான் இடம் பத்தாதென்று அழித்திருந்தேன். மேல் தோற்றம் மேலே இருப்பதைப் பார்த்தாவது அவருக்குச் சந்தேகம் வந்திருக்கலாம்னு சொல்வீங்க. அவர் அதைப் பார்க்கவே இல்லை. மேல்தளம் வெறும் செவ்வகம், அதில் பார்க்க என்ன இருக்கு? கதவு, பலகை இரண்டும் மூடியபடி ஓரத்தோடு ஓரமாக இருப்பவை. முன்னாலிருந்து பார்த்தால் தெரியாது. அண்ணன் தாளில் இருந்ததை அப்படியே செய்தார். இடது ஓரத்தில்.

பெயின்ட் அடித்து, சக்கரம் மாட்டி, அக்கா வந்து பார்த்தாங்க. ஒரு சுற்று சுற்றி வந்தாங்க. "இந்தக் கதவு எங்க திறக்கும் பாப்பா?" என்று கேட்டாங்க. கோபமாகக் கேட்கவில்லை. அவங்க கேள்வியாகத்தான் கேட்டாங்க. எனக்குத்தான் பேச்சு வரலை. சுவரைப் பார்த்துத் திறக்கும். 19 கிலோ சிலிண்டர், இரும்போடு சேர்ந்தால் அதைவிட ரொம்ப கனம், அதை மாற்ற ஒவ்வொரு தடவையும் எரிகிற அடுப்பை அணைத்து வண்டியை வெளியே இழுக்கணும். "வண்டியைத் திருப்பி நிறுத்தினா போச்சு" என்று உங்களில் ஒருத்தர் இப்போ சொல்வீங்க, நானும் சொன்னேன். திருப்பினால் அடுப்பு சாப்பிட வருகிறவர் பக்கம், கண்ணாடி அக்கா பக்கம்.

இரண்டு ஓரத் தகட்டையும் அறுத்து, மாற்றி வைத்து, மறுபடி வெல்டு அடித்து, தேய்த்து, பெயின்ட் காய்ந்து வர 3 நாள் ஆனது. அந்த 3 நாளும் அக்காவுக்குக் கடை இல்லை. பழைய வண்டியும் இல்லை. ஊறப்போட்டு ஆட்டி வைத்த முதல் நாள் மாவை அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டாங்க. தண்டல்காரருக்கு அதெல்லாம் கணக்கில்லையே. தினமும் சாயந்திரம் 6 மணிக்கு பைக்கில் எங்க பட்டறை வாசலுக்கே வந்து, "வண்டி முடிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டு, அக்கா நோட்டில் ஒரு கோடு போட்டுவிட்டுப் போனார். நான் உள்ளே ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து அதைப் பார்த்தேன். அப்பா கூலியில் 2,000 ரூபாய் குறைத்துக்கொண்டார். அது மாவுக்குச் சரி, 3 நாள் வியாபாரத்துக்கு எப்படிச் சரியாகும்?

அப்பா திட்டவில்லை. திட்டியிருந்தால் கூட நல்லா இருந்திருக்கும். ஊரிலிருந்து வந்ததும் ஒரு சாக்பீஸை எடுத்து என் கையில் கொடுத்தார். "நீ நெனச்சது என்ன? தரையில போட்டுக் காட்டும்மா."

எனக்கு வரையத் தெரியலை. ஒரு தள்ளுவண்டி. பெட்டி, அதற்குக் கீழே நாலு சக்கரம். முதலில் ஒரு செவ்வகம் போட்டேன், அப்புறம் மேல்தளத்துக்கு ஒரு சாய்சதுரம் மாதிரி ஏதோ ஒன்று, சக்கரம் முட்டையாக வந்தது, கதவு எங்கே போடுவதென்றே புரியவில்லை. இரண்டு அண்ணன்களும் அக்காவும் நிற்கிறாங்க. அப்பா என் கையிலிருந்து சாக்பீஸை வாங்கி, குனிந்து, ஒரு பெட்டியை மூலையிலிருந்து பார்க்கிற மாதிரி போட்டார். இரண்டு பக்கமும் தெரிந்தது. ஒரு பக்கம் "சுவரு" என்று எழுதினார். பின்னாடி ஒரு குச்சி மனுஷியை நிறுத்தினார், கொண்டையோடு. வலது ஓரத்தில் ஒரு கதவைத் திறந்தபடி போட்டார். மொத்தம் 1 நிமிஷம் ஆகியிருக்காது. அப்பா 8ஆம் வகுப்பு வரை படித்தவர். வெல்டு அடித்த அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, "இத மொதல்லயே குடுத்திருந்தா முடிஞ்சுதே பாப்பா" என்றார்.

அன்னைக்கு ராத்திரி முடிவு செய்தேன். 

இதற்கப்புறம் நான் என்ன செய்தேன் என்பதை விவரமாகவே சொல்கிறேன், யாருக்காவது உதவும். வாங்கியது 5 பால்பாயிண்ட் பேனா. தாள், ஜெராக்ஸ் கடையில் வீணான ஏ4, பின்பக்கம் வெள்ளை. பென்சில் வேண்டாம் என்று வைத்தேன், காரணம் ரப்பர். கையில் ரப்பர் இருந்தால் நான் ஒரு கோட்டைப் பத்து தடவை அழிப்பேன். பேனாவில் தப்பு போனால் பக்கத்தில் அடுத்த கோடு, அவ்வளவுதான். விலை உயர்ந்த மார்க்கர் செட் பார்த்து நாக்கில் எச்சில் ஊறாதீங்க. நேராக ஒரு பெட்டி போடத் தெரியாமல் நிறம் மட்டும் பூசினால், கோணல் பெட்டி நிறத்தோடு இருக்கும்.

முதல் இரண்டு வாரம் வெறும் கோடு. போரடிக்கும், மறைக்க மாட்டேன். நாம் எழுதுகிற பழக்கத்தில் மணிக்கட்டைத் தாளில் ஊன்றி வரைகிறோம். அப்படிப் போட்டால் கோடு சின்ன வில்லாக வளையும், ஏனென்றால் மணிக்கட்டு ஒரு கீல், கீல் சுற்றத்தான் செய்யும். நீளக் கோட்டுக்கு முழங்கையிலிருந்தும் தோளிலிருந்தும் கையை நகர்த்தணும். இரண்டு புள்ளி வைங்க. பேனாவைத் தாளில் தொடாமல் இரண்டு மூன்று தடவை அந்தப் பாதையில் ஓட்டிப் பாருங்க. கண் போய்ச் சேர வேண்டிய புள்ளியில் இருக்கட்டும். அப்புறம் ஒரே இழுப்பு. சின்னச் சின்னதாகக் கீறிக் கீறிச் சேர்த்தால் கோட்டுக்கு முடி முளைத்த மாதிரி இருக்கும், பார்க்கிறவருக்கு எது ஓரம் என்றே தெரியாது. (இந்த இடத்தில் நான் கோலத்தைப் பற்றி எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பீங்க. எங்க வீட்டில் அம்மா ஸ்டிக்கர் கோலம்தான்.)

அப்புறம் பெட்டி. இங்கேதான் எனக்கு விஷயம் திறந்தது. வில்லியனூர் மெயின் ரோட்டில் காலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது பாருங்க. கடைகளின் போர்டுகள், கரண்டு கம்பி, நடுவில் இருக்கிற டிவைடர், எல்லாம் தூரத்தில் ஒரே இடத்துக்குப் போய்ச் சேரும். அந்த இடம் உங்க கண் உயரத்தில் இருக்கும். உட்கார்ந்தால் அதுவும் உட்காரும். பஸ்ஸில் ஏறி நின்றால் அதுவும் ஏறும். கண் உயரத்துக்கு மேலே இருக்கிற கோடுகள் தூரம் போகப்போக இறங்கும், கீழே இருக்கிற கோடுகள் ஏறும். ஒரு பெட்டியை மூலையிலிருந்து பார்த்தால் இப்படி இரண்டு புள்ளிகள், இடதில் ஒன்று, வலதில் ஒன்று. பாடப்புத்தகத்தில் இதைப் படித்திருக்கிறோம், ஆனால் நான் பஸ் ஸ்டாப்பில் பார்த்ததில்லை.

எல்லாரும் செய்கிற தப்பு, இரண்டு புள்ளிகளையும் தாளுக்குள்ளேயே பக்கத்து பக்கத்தில் வைப்பது. அப்போ பெட்டியின் முன்மூலை மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டு வரும். தாளுக்கு வெளியே, தூரத்தில் இருப்பதாக நினைத்து வரைங்க. இன்னொன்று: ஓரத் தகட்டில் கதவுக்கு நடு எங்கே? ஸ்கேல் வைத்துப் பாதியாக அளந்தால் தப்பு, ஏனென்றால் தூரத்துப் பாதி சின்னதாகத் தெரியும். மூலைக்கு மூலை இரண்டு கோடு போடுங்க, வெட்டுகிற இடம்தான் நடு. அப்பா இதை எங்கேயும் படிக்கவில்லை. கிரில்லுக்கு நடுப்பூ வைக்க நூல் கட்டிப் பார்ப்பார், அதே வேலைதான்.

அடுத்தது டம்ளர். புராடக்ட் டிசைனில் பாதி உருளைதான்: பாட்டில், குக்கர், கிரைண்டர் டிரம், சிலிண்டர், சக்கரம். வட்டத்தைச் சாய்த்துப் பார்த்தால் நீள்வட்டம். இதில் மூன்று விஷயம் பிடிபட எனக்கு ஒரு மாசம் ஆனது. ஒன்று, நீள்வட்டத்துக்கு மூலை கிடையாது. நான் போட்டதெல்லாம் இரண்டு பக்கமும் கூராக எலுமிச்சம்பழம் மாதிரி இருந்தது. இரண்டு, காபி டம்ளரை மேசையில் வைத்துப் பாருங்க: வாய் விளிம்பு ஒடுங்கித் தெரியும், அடிப்பாகம் அதைவிட விரிந்து தெரியும், ஏனென்றால் அடி உங்க கண் உயரத்திலிருந்து இன்னும் தள்ளி இருக்கு. நாமெல்லாம் அடியை ஒரு நேர்க்கோடாகப் போட்டு முடித்துவிடுகிறோம், மேசை தட்டைதானே என்று. டம்ளரை மெதுவாகக் கண் உயரத்துக்குத் தூக்குங்க, வாய் ஒரு கோடாகிவிடும். மூன்று, நீள்வட்டத்தின் சின்ன அச்சு உருளையின் அச்சோடு ஒரே கோட்டில் இருக்கணும். சக்கரம் என்றால் ஆக்ஸில் போகிற திசையில். அன்னைக்குத் தரையில் என் சக்கரம் ஏன் முட்டையாகக் கழன்று விழுகிற மாதிரி இருந்தது என்பதற்கு இதுதான் காரணம். தெரிந்தபோது எனக்கு ஒரு பக்கம் சந்தோஷம், ஒரு பக்கம் எரிச்சல். இவ்வளவுதானா?

பார்த்து வரைவதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. நாற்காலியை வரையச் சொன்னால், மூளை "நாற்காலிக்கு நாலு கால், நாலும் ஒரே நீளம்" என்று சொல்லும். கண் பார்ப்பது அது இல்லை. பெட்டி எட்வர்ட்ஸ் என்ற அமெரிக்க ஆசிரியர் 1979இல் எழுதிய புத்தகத்தில் இதற்கு ஒரு பயிற்சி இருக்கிறது. ஒரு கோட்டுப்படத்தைத் தலைகீழாக வைத்துவிட்டு அதைப் பார்த்து வரையணும். தலைகீழாக இருக்கும்போது இது கண், இது மூக்கு என்று பெயர் சொல்ல மூளைக்கு வாய்ப்பு கிடைக்காது, கோட்டைக் கோடாகப் பார்க்கும். அந்தப் புத்தகம் சொல்கிற வலது மூளை, இடது மூளை விளக்கத்தையெல்லாம் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பயிற்சி வேலை செய்கிறது, ஒரு தடவை செய்து பாருங்க.

சனிக்கிழமைகளில் ஊருக்குள் வரையப் போனேன். புதுச்சேரியில் வரைகிறவர்கள் எல்லாரும் வெள்ளை நகரத்து மஞ்சள் சுவரையும் காகிதப்பூவையும்தான் வரைகிறார்கள். எனக்கு அது ஓவியமாகத்தான் தெரிந்தது, நம்ம வேலைக்கு ஆகாது. ஆனால் ஒரு கட்டடம் மட்டும் பார்க்கச் சொல்வேன்: அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்ட். அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்தது, 1930களின் கடைசியில் வேலை தொடங்கியது. சுவருக்குப் பதிலாகக் கிடைமட்டமான லூவர்கள் வரிசை வரிசையாக, காற்று உள்ளே வர, வெயில் வராமல் இருக்க, திருப்பிக்கொள்ளலாம். வெளியே தெருவிலிருந்து பார்த்தாலே பெர்ஸ்பெக்டிவ் பாடம் மாதிரி இருக்கும். அங்கே தளத்தில் நின்று வேலையைப் பார்த்தவர்களில் ஒருவர் ஜார்ஜ் நாகஷிமா. பின்னாளில் அமெரிக்காவில் மர நாற்காலி, மேசை செய்து பெரிய பெயர் வாங்கியவர். கட்டட வேலை முன்பின் தெரியாத ஆசிரமவாசிகள் பலர் அதில் கூலியாட்களோடு சேர்ந்து வேலை செய்தார்கள். வெவ்வேறு தாய்மொழி பேசுகிற, கம்பி கட்டத் தெரியாத ஆட்களிடம் ஒரு லூவரை எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்லப் படத்தைவிட்டால் வேறு என்ன வழி இருந்திருக்கும்? நான் தெருவில் நின்று யோசித்தது இதுதான். என் பிரின்ட் அவுட்டும் ஞாபகம் வந்தது.

டிராயிங் என்றால் ஆர்ட்ஸ் பசங்க சமாச்சாரம் என்று நினைக்கிறவர்களுக்கு இன்னொரு தகவல். இன்னைக்குச் சென்னையில் அரசு கவின்கலைக் கல்லூரி என்று இருக்கிறதே, அதை 1850இல் ஆரம்பித்தவர் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற அறுவை மருத்துவர். அடுத்த வருஷமே தொழிற்பள்ளி ஒன்றையும் சேர்த்தார். மண்பாண்டம், ஓடு, செங்கல் செய்வதும் படம் வரைவதும் ஒரே கூரைக்கு அடியில் நடந்தது. ஓவியம் வேறு, தொழில் வேறு என்று நாம்தான் பின்னாடி பிரித்து வைத்துக்கொண்டோம். 1958இல் சார்லஸ் ஈம்ஸும் ரே ஈம்ஸும் இந்திய அரசுக்குக் கொடுத்த அறிக்கையில் மிகவும் புகழ்ந்து எழுதியது எதைத் தெரியுமா? செம்பை. நம்ம வீட்டுச் செம்பு. எவ்வளவு தண்ணீர் பிடிக்கணும், யார் கைக்கு, இடுப்பிலா தலையிலா, ஊற்றும்போது எப்படி, கழுவும்போது எப்படி என்று அதை வைத்துக் கேள்விகளாக அடுக்கினார்கள். அந்த அறிக்கையின் தொடர்ச்சியாகத்தான் 1961இல் அகமதாபாத்தில் என்.ஐ.டி. வந்தது. அந்தக் கேள்விகளைப் படித்துவிட்டு எங்க வீட்டுச் செம்பை வரைந்தேன். கழுத்து ஏன் அவ்வளவு குறுகுகிறது என்று 20 வருஷமாகப் பார்க்காதது, வரையும்போது தெரிந்தது: விரல் நாலும் அங்கேதான் பிடிக்கின்றன, விளிம்பு நழுவ விடாது.

வில்லியனூர் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, உங்களுக்குத் தெரிந்திருக்கும். இங்கிருந்து பஸ்ஸில் பத்துப் பதினைந்து நிமிஷம். சக்கரத்தில் மண் எழும்புவதைப் பார்த்து வரைந்து பாருங்க, நீள்வட்டம் போட அதைவிட நல்ல இடம் இல்லை. பொருள் நிற்காது, மாறிக்கொண்டே இருக்கும், நீங்க வேகமாகப் போட்டே ஆகணும்.

நீடு எழுதப் போகிறவர்கள் ராத்திரி பகலாகப் படித்த மாதிரி, சீட் எழுதுகிறவர்களும் ஸ்கெட்சிங்குக்கு கோச்சிங் போகிறாங்க. எம்.டெஸ். சேர பி.இ. முடித்தவர்கள் எழுதுகிற தேர்வு அது, ஐ.ஐ.டி. பம்பாய் நடத்துவது, அதில் கையால் வரைகிற பகுதி இருக்கிறது. நானும் எழுதப் போகிறேன். ஆனால் ஒரு விஷயம் கவனித்தேன். தேர்வுக்காகப் பழகுகிற நண்பர்கள் படங்களில் பொருள் மட்டும் மிதக்கிறது, நிழலோடு, பளபளப்போடு, ஆள் இல்லாமல். எங்க அப்பா போட்டதில் கோடு கோணல், ஆனால் கொண்டையோடு ஆள் இருந்தது, "சுவரு" இருந்தது. ஆளும் சுவரும் இருந்திருந்தால் கதவு தப்பான பக்கம் போயிருக்க முடியாது. இப்போ நான் எது வரைந்தாலும் ஒரு கையாவது போடுவேன். கை வரைவது கஷ்டம், என் கை இன்னும் கையுறை மாதிரிதான் வருகிறது. பரவாயில்லை.

சரி, அக்கா கதைக்கு வருகிறேன்.

ஐப்பசி பிறந்ததும் மழை. அக்கா பட்டறைக்கு வந்தாங்க, என்னைப் பார்க்க இல்லை, அப்பாவைப் பார்க்க. "அண்ணே, மேல ஒரு தகரம் நீட்டி வுடணும், சாப்புட வர்றவங்க நனையுறாங்க." அப்பா என்னைப் பார்த்தார். எனக்கு வயிறு கலங்கியது. லேப்டாப்பை எடுக்கவில்லை. அக்காவை ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்து, அவங்க பார்த்துக்கொண்டிருக்கும்போதே வரைந்தேன். வண்டி, சுவர், அக்கா, தட்டோடு நிற்கிற ஒரு ஆள், மழைக்கு நாலு சாய்ந்த கோடு. மூன்று விதம் போட்டேன்: முன்னால் மடக்கி இறக்குகிற தகரம், இரண்டு பக்கமும் சாய்வு, பின்னால் உயர்த்தி முன்னால் தாழ்த்திய ஒரே சாய்வு. ஒவ்வொன்றுக்கும் 3 நிமிஷம். கோடுகள் அழகாக ஒன்றும் இல்லை.

போன தடவை லேப்டாப்பில் சுற்றிக் காட்டியபோது "சூப்பரா இருக்கு பாப்பா" என்று மட்டும் சொன்ன அதே அக்கா, இந்தத் தடவை முதல் படத்தைப் பார்த்ததும், "அய்ய, இது வேணாம்" என்றாங்க. "தண்ணி எல்லாம் வர்றவங்க தலையில கொட்டும்." இரண்டாவதுக்கு, "சுவத்துல இடிக்குமே." மூன்றாவதை ரொம்ப நேரம் பார்த்தாங்க. அப்புறம் என் கையிலிருந்து பேனாவை வாங்கினாங்க. அவங்க பேனா பிடித்து நான் பார்த்ததில்லை. தோசைக்கல் இருக்கிற இடத்திலிருந்து மேலே ஒரு கோடு இழுத்தாங்க, நடுங்கி நடுங்கி, தகரத்தில் முட்டி அது அவங்க முகத்துக்குத் திரும்பி வந்தது.

"பொகை எங்க போவும்?"

நானும் அப்பாவும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். மூன்று படத்திலும் புகைக்கு வழி இல்லை. ஒரே சாய்வைத் திருப்பினேன், முன்னால் உயரம், பின்னால் தாழ்வு, தண்ணீர் பின்பக்கம் ஒரு தகட்டு வாய்க்காலில் விழுந்து ஓரமாகப் போகும். அப்போ புகை உயர்ந்த பக்கமாக வெளியேறும், ஆனால் வருகிறவர் முகத்துக்கு. "அதுவும் வேணாம்" என்றாங்க. கடைசியில் தகரத்தை இரண்டு துண்டாக்கி, மேல் துண்டு கீழ்த் துண்டின் மேல் ஒரு சாண் ஏறி நிற்கிற மாதிரி, நடுவில் இடைவெளி விட்டுப் போட்டோம். மழை உள்ளே வராது, புகை நடுவில் போய்விடும். அது அப்பா யோசனை. படம் போட்டது நான். புகைக்கோட்டை மறுபடி இழுத்துப் பார்த்தது அக்கா.

அந்தத் தாளில் பஜ்ஜி எண்ணெய்க் கறை, என் ஏழெட்டு அடித்தல்கள், அக்காவின் இரண்டு புகைக்கோடு. வெல்டிங் அண்ணன் அதை அப்படியே செவுத்து ஆணியில் மாட்டிவிட்டு வேலை ஆரம்பித்தார். வெட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை என்னைக் கூப்பிட்டு, படத்தில் விரலை வைத்து, "சுவரு இந்தப் பக்கம்தானே பாப்பா?" என்று கேட்டார்.

"ஆமாண்ணா. இந்தப் பக்கம்தான்."

இருந்தாலும் வண்டியில் ஏறி அக்கா கடைக்குப் போய் ஒரு தடவை பார்த்துவிட்டு வந்தேன்.